வேலையே இணைப்பைத் திறப்பதுதான் என்றால்?

"தெரியாதவர் மின்னஞ்சலோடு இணைத்து அனுப்பும் கோப்பைத் திறக்காதே என்கிறார்கள். எங்கள் அலுவலகத்துக்கு ஆவணங்கள் வருவதே தெரியாதவர்களிடமிருந்துதான். என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். மும்பை பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு சுங்க முகவர் அலுவலகத்தில் ஆவணங்கள் பார்க்கிறவள் நான். இதே கேள்வியோடு பல ஆண்டுகள் திண்டாடியிருக்கிறேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான பில் ஆஃப் லேடிங் என்று காலையிலிருந்து மாலைவரை இணைப்புகள்தான். திறக்காவிட்டால் நவசேவா துறைமுகத்தில் கன்டெய்னர் நகராது, டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். வைரஸ் அனுப்புகிறவர்களுக்கும் இது தெரியும். தங்கள் கோப்புகளுக்கு இதே பெயர்களைத்தான் வைக்கிறார்கள்.

2019 அக்டோபர், தீபாவளிக்கு முந்தைய வாரம். திருநெல்வேலியிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆன தம்பி ஒருவன் ஒரு வேர்டு கோப்பைத் திறந்தான். அனுப்பியவர் பெயர் எங்கள் பழைய வாடிக்கையாளருடையது. நாங்கள் முன்பு எழுதிய கடிதத்துக்கே பதிலாக வந்திருந்தது. கீழே எங்கள் வரிகளும் அப்படியே இருந்தன. யாருக்குச் சந்தேகம் வரும்? உள்ளே ஒரே ஒரு படம்: கோப்பு பழைய பதிப்பில் உருவானது, படிக்க வேண்டுமென்றால் மேலே மஞ்சள் பட்டையில் உள்ள 'எனேபிள் கன்டென்ட்' பொத்தானை அழுத்தவும் என்று. அழுத்தினான். திரையில் ஒன்றும் நடக்கவில்லை.

நடந்தது திரைக்குப் பின்னால். கோப்புக்குள் மேக்ரோ என்ற சிறு நிரல் ஒளிந்திருந்தது. அனுமதி கிடைத்ததும் அது விண்டோஸிலேயே இருக்கும் பவர்ஷெல் என்ற கட்டளை நிரலை எழுப்பி, இணையத்திலிருந்து வைரஸை இறக்கிக்கொண்டது. கணினிகளைப் பார்க்க வந்தவர் அது எமோடெட் என்றார். 2014இல் வங்கி விவரங்களைத் திருடத் தோன்றிய வைரஸ் அது. பிற்காலத்தில் அஞ்சல்பெட்டியில் இருக்கும் பழைய கடிதங்களைத் திருடி, அவற்றுக்கே பதில் எழுதுவதைப் போலப் பரவக் கற்றுக்கொண்டது. 2021 ஜனவரியில் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் பல நாட்டுக் காவல்துறையினரும் சேர்ந்து அதை முடக்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் மறுபடியும் தலையெடுத்தது.

மூன்றாம் நாள் திருப்பூர் ஏற்றுமதியாளர் ஒருவர் தொலைபேசியில் கொதித்தார். எங்கள் பெயரில் அவருக்கு வரிசையாகக் கடிதங்கள் போயிருந்தன. தம்பிக்கு முதல் நாளே உறுத்தியிருக்கிறது. "சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்துவிட்டேன், அக்கா" என்றான். பொத்தானை அழுத்தியதைவிட, அவன் வாய்மூடி இருந்த அந்த இரண்டு நாள்தான் எங்களுக்குப் பெரிய சேதம். அன்றே சொல்லியிருந்தால் ஒரு கணினியின் வலைக்கம்பியைப் பிடுங்கி, வேறு கணினியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றி, அதோடு முடித்திருப்போம். பிறகு நான்கு கணினிகளை அழித்து எல்லாவற்றையும் புதிதாக நிறுவினோம். அவன் பயந்ததற்குக் காரணம் எங்கள் அலுவலகம்தான். தவறு செய்தவனை எல்லோர் முன்பும் திட்டும் வழக்கம் எங்களிடம் இருந்தது.

ஆகவே, திறங்கள். ஆனால் கோப்பு கேட்கிறதே என்று எந்த 'எனேபிள்' பொத்தானையும் அழுத்தாதீர்கள். வெறுமனே படிக்க வேண்டியதென்றால் உலாவியிலேயே முன்னோட்டம் பார்த்தால் போதும். கோப்பின் பெயருக்குக் கடைசியில் வரும் நீட்டிப்பை விண்டோஸ் மறைத்துவைக்கும். அதைக் காட்டும்படி அமைப்பை மாற்றுங்கள். டிஓசிஎக்ஸ் (.docx) கோப்பில் மேக்ரோ இருக்காது. டிஓசிஎம் (.docm), பழைய டிஓசி (.doc) இரண்டிலும் இருக்கலாம். அதற்காக டிஓசிஎக்ஸை நம்பிவிடவும் கூடாது. 2022 மே மாதம் வெளிப்பட்ட ஃபோலினா என்ற பாதுகாப்பு ஓட்டைக்கு மேக்ரோவே தேவைப்படவில்லை. சமன்பாடுகள் எழுத உதவும் ஈக்குவேஷன் எடிட்டரில் இருந்து, 2017 நவம்பரில் அடைக்கப்பட்ட ஓட்டையும் அப்படித்தான். 2000ஆம் ஆண்டு உருவான அந்தத் துணை நிரலில் 17 ஆண்டுகள் கிடந்தது. ஆபீஸ் மென்பொருளுக்கு வரும் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

2022 முதல் மைக்ரோசாஃப்ட், இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோவைத் தானாகவே தடுக்கிறது. உடனே வைரஸ் அனுப்புகிறவர்கள் வேறு வழிகளுக்குத் தாவினார்கள்: வட்டின் நகலான ஐஎஸ்ஓ கோப்பு, 2023இல் ஒன்நோட் என்ற குறிப்பேட்டுக் கோப்பு, கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஜிப். பூட்டிய ஜிப்புக்குள் வைரஸ் தடுப்பான் எட்டிப்பார்க்க முடியாது. சாவியை மட்டும் கடிதத்திலேயே உங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். அப்படி ஒன்று வந்தால் அனுப்பியவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கிறோம். எங்கள் பதிவேட்டில் உள்ள எண்ணில்தான் அழைப்போம், கடிதத்தில் இருக்கும் எண்ணில் அல்ல. பணமே போய்விட்டால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள்.

சென்ற மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் வலைக்கம்பியைப் பிடுங்கிவிட்டு என் மேசைக்கு ஓடி வந்தாள். "அக்கா, ஏதோ ஒன்றை அழுத்திவிட்டேன்." பார்த்தால் அது நிஜமான பேக்கிங் லிஸ்ட். சுங்கத்தில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரி ஒரு மணி நேரம் தாமதமானது. முதலாளி ஏன் என்று கேட்டார். அவள் செய்ததுதான் சரி என்றேன். அவரும் தலையாட்டினார்.