ஆல்டோவுக்கும் டெனருக்கும் ஒரே ஸ்ட்ராப் போதுமா? – கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, தேவாலயம், பேண்டு செட் என்று பல இடங்களில் சாக்ஸபோன் வாசிப்பவர்கள், ஒரே நிகழ்ச்சியில் ஆல்டோ, அதைவிடப் பெரிய டெனர் என்று சாக்ஸபோன் வகைகளை மாற்றி மாற்றி எடுக்கும்போது கழுத்தில் மாட்டும் ஸ்ட்ராப்பால் ஏற்படும் சிரமங்களைக் கேட்டிருக்கிறார்கள். தருமபுரியில் சாக்ஸபோன் கற்றுக்கொடுப்பவரும் வாத்தியங்களைப் பழுது பார்ப்பவருமான மூத்த கலைஞர் ஒருவர் பதில் அளிக்கிறார்.

பாலக்கோடு, மெல்லிசைக் குழுவில் வாசிப்பவர்: மாஸ்டர், வணக்கம். ஒரே பாட்டில் முதல் இடையிசையை ஆல்டோவிலும் இரண்டாவது இடையிசையை டெனரிலும் வாசிக்க வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி ஸ்ட்ராப் வைத்திருக்கிறேன். ஒன்றைத் தலைவழியாகக் கழற்றி மற்றொன்றை மாட்டுவதற்குள் சரணம் முடிந்துவிடுகிறது. ஒரே ஸ்ட்ராப் போதுமா?

போதும். மேடையில் ஒரே ஸ்ட்ராப்தான் நல்லது என்றும் சொல்வேன், ஏனென்றால் தலைவழியாகக் கழற்றி மாட்டுவதற்கு ஆகும் நேரத்தில் பாதிகூடக் கொக்கியை மாற்றுவதற்கு ஆகாது. ஆனால் நம்மில் பலர் ஸ்ட்ராப் வாங்கும்போது கழுத்தில் படும் மெத்தையை மட்டும் அழுத்திப் பார்த்துவிட்டு வாங்கிவிடுகிறோம். ஒரே வாத்தியம் வாசிப்பவருக்கு அது சரி. இரண்டு வாத்தியம் வாசிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் பக்கிளை, அடுத்தது கொக்கியை, மெத்தை அதற்குப் பிறகுதான்.

காரணம் இதுதான்: ஆல்டோவில் மவுத்பீஸுக்கும், வாத்தியத்தின் முதுகில் கொக்கி மாட்டும் வளையத்துக்கும் உள்ள தூரம் குறைவு, டெனரில் அதிகம். டெனரை வலது தொடைப் பக்கம் சாய்த்துப் பிடிப்பவருக்குக் கொக்கி இன்னும் கீழே இறங்க வேண்டும். ஆல்டோவின் நீளத்திலேயே டெனரை மாட்டினால் மவுத்பீஸ் மூக்குக்கு வந்து நிற்கும். டெனரின் நீளத்தில் ஆல்டோவை மாட்டினால் நாம்தான் குனிந்து மவுத்பீஸைத் தேட வேண்டியிருக்கும், அப்படிக் குனிந்து வாசித்தால் தொண்டை மடங்கி ஸ்வரம் இறங்கிப் போகும். தலை நேராக இருக்கும்போது மவுத்பீஸ் தானாக உதட்டுக்கு வர வேண்டும்.

ஒவ்வொரு முறையும் தடவிப் பார்த்து நீளத்தைத் தேடாமல் இருக்க, வீட்டில் கண்ணாடி முன் நின்று இரண்டு வாத்தியத்துக்கும் சரியான நீளத்தைக் கண்டுபிடித்து, நாடாவில் பக்கிள் நிற்கும் இடத்தில் ஆல்டோவுக்குச் சிவப்பு நூலாலும் டெனருக்கு வெள்ளை நூலாலும் குறுக்கே நாலு தையல் போட்டுக்கொள்ளுங்கள். பேனாவில் கோடு போட்டால் வியர்வையில் அழிந்துவிடும். தையல் அழியாது, இருட்டு மேடையில் விரலுக்கும் தட்டுப்படும். தையல் தடிப்பாக இருந்தால் பக்கிள் அதில் சிக்கும், ஆகவே ஒற்றை நூலே போதும்.

அதே கேள்வியாளர்: மாற்றும்போது கைகளின் வரிசை எப்படி இருக்க வேண்டும்?

டெனர் உங்கள் வலது பக்கத்து ஸ்டாண்டில் முன்கூட்டியே நிற்க வேண்டும். ஆல்டோவைக் கொக்கியோடு முதலில் அதன் ஸ்டாண்டில் உட்கார வைத்து, பாரம் இறங்கிய பிறகே கொக்கியை எடுங்கள். அப்படியே பக்கிளை வெள்ளைத் தையலுக்கு இறக்கி, டெனர் ஸ்டாண்டில் இருக்கும்போதே கொக்கியை மாட்டி, பிறகு தூக்குங்கள். தூக்கும்போது அகன்று விரிந்த வாய்ப்பகுதியான பெல்லைப் பிடித்துத் தூக்க வேண்டும். வாசிக்கும்போது விரல்கள் அழுத்தும் சாவிகளின் கம்பிகளை அழுத்திப் பிடித்துத் தூக்கினால் அவை வளையும். என்னிடம் பழுதுக்கு வரும் டெனர்களில் வளைந்த கம்பிகளுக்குக் காரணம் பெரும்பாலும் வாசிப்பு அல்ல, இந்த அவசரம்தான்.

காவேரிப்பட்டணம், பேண்டு செட்: அண்ணா, ஊர்வலத்தில் நடந்துகொண்டே வாசிக்கிறோம். திறந்த கொக்கி நல்லதா, மூடும் கொக்கி நல்லதா? கொக்கி உடைந்தால் உள்ளூரிலேயே மாற்றிக்கொள்ளலாமா?

நடப்பவர்களுக்கு மூடும் கொக்கிதான். திறந்த கொக்கி மாட்டவும் கழற்றவும் சுலபம் என்பதால் மேடையில் நின்று வாசிப்பவர்களுக்கு ஏற்றது. ஆனால் வேகத்தடை போன்ற இடத்தில் கால் தடுக்கி வாத்தியம் ஒரு கணம் மேலே எழும்பினால் வளையம் நழுவிவிடும். இரண்டு கையும் சாவியில் இருக்கும்போது அது தெரியாது, கீழே விழுந்த பிறகுதான் தெரியும்.

உள்ளூரில் மாற்றுவதைப் பற்றி: நைலான் நாடாவை மாற்றுவதற்குப் பள்ளிக்கூடப் பை தைப்பவரே போதும், நல்ல தடித்த நூலில் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்துக் கொடுப்பார். கொக்கியை மட்டும் அவரிடம் இருப்பதைப் போட்டுக்கொள்ளாதீர்கள். நாய்ச் சங்கிலிக் கொக்கியும் சாவிக்கொத்துக் கொக்கியும் போட்ட ஸ்ட்ராப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வெறும் இரும்புக் கொக்கி வாத்தியத்தின் பித்தளை வளையத்தை நாளடைவில் அறுத்து மெலிய வைக்கும்; சாவிக்கொத்துக் கொக்கியின் ஸ்பிரிங் இந்தப் பாரத்துக்குச் செய்யப்பட்டதே அல்ல. பிளாஸ்டிக் உறை போட்ட உலோகக் கொக்கி கிடைத்தால் அதுவே மேல். தைத்து வந்த ஸ்ட்ராப்பை வாத்தியத்தில் மாட்டிச் சோதிக்காமல், 5 லிட்டர் தண்ணீர் கேனைத் தொங்கவிட்டுச் சோதியுங்கள். அது ஏறக்குறைய 5 கிலோ, டெனரைவிடக் கூடுதல். ஒரு ராத்திரி தொங்கியும் பக்கிள் இறங்காமல் இருந்தால் நம்பி மாட்டலாம்.

கிருஷ்ணகிரி: ஐயா, ஆல்டோ வாசித்தவரை ஒன்றும் தெரியவில்லை. டெனரும் சேர்த்து வாசிக்கத் தொடங்கிய பிறகு பிடரியில் எரிச்சலும் வலியும் இருக்கின்றன. அகலமான மெத்தை போட்ட ஸ்ட்ராப் வாங்கினால் சரியாகுமா, தோள்களில் மாட்டும் ஹார்னஸுக்குப் போக வேண்டுமா?

ஆல்டோ ஏறக்குறைய 2.5 கிலோ, டெனர் 3 முதல் 3.5 கிலோ வரை இருக்கும். ஒரு கிலோதானே கூடுதல் என்று தோன்றும், ஆனால் அந்தப் பாரம் முழுவதும் பிடரியில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின் மேல் மணிக்கணக்கில் நிற்கிறது. அகலமான மெத்தை அந்த அழுத்தத்தைப் பரப்பும், பாரத்தைக் குறைக்காது. மிகவும் மிருதுவாக, ரப்பர்போல் இழுபடும் நியோப்ரீன் ஸ்ட்ராப்பை விரலால் இழுத்துப் பார்க்கும்போது சுகமாக இருக்கும், ஆனால் வாத்தியம் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். டெனரில் அந்த ஆட்டம் அதிகம், மாற்றி மாற்றி எடுப்பவருக்கு நீங்கள் தைத்து வைத்த அளவும் பொய்யாகிவிடும். ஆகவே ஓரளவு விறைப்பான, உள்ளே மெத்தை வைத்த தோல் ஸ்ட்ராப்பையே உங்களுக்குச் சொல்வேன்.

எரிச்சல் இப்போதே இருக்கிறது என்பதால் ஹார்னஸை முயன்று பார்ப்பது தவறாகாது. அது பாரத்தைக் கழுத்திலிருந்து எடுத்து இரு தோள்களுக்கும் முதுகுக்கும் கொடுக்கிறது. நிகழ்ச்சி தொடங்கும் முன் ஒருமுறை மாட்டிவிட்டால் முடியும்வரை கழற்ற வேண்டியதில்லை, கொக்கியை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கலாம் என்பதால் உங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஜெர்மனியின் ஜாஸ்லேப் நிறுவனம் செய்யும் சாக்ஸ்ஹோல்டர் போன்றவற்றில் தோள்களில் வளைந்து உட்காரும் தாங்கிகளும் வயிற்றில் ஊன்றும் ஒரு சிறு தண்டும் இருக்கும். நின்று வாசிப்பவருக்கு மிக நல்லது, உட்கார்ந்து முன்னால் சாய்ந்து வாசிப்பவரின் வயிற்றில் அது குத்தும்.

இதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பலர் வலது கட்டைவிரலால் வாத்தியத்தைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். கட்டைவிரல் வாத்தியத்தை முன்னால் தள்ள வேண்டுமே தவிர, பாரத்தைச் சுமக்கக் கூடாது. ஸ்ட்ராப் தாழ்வாக இருப்பதால்தான் அந்தத் தூக்கல் வருகிறது, தோளும் கழுத்தும் சேர்ந்து இறுகுகின்றன. கை மரத்துப் போவதோ விரல் வரை சுரீர் என்று இழுப்பதோ இருந்தால் ஸ்ட்ராப் கடையைத் தேடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

அரூர்: ஆல்டோவைவிடச் சிறிய சோப்ரானோவுக்கு ஸ்ட்ராப் தேவையா?

நேரான சோப்ரானோ ஒரு கிலோவுக்குச் சற்று மேல்தான் இருக்கும், பலர் ஸ்ட்ராப் இல்லாமலே வாசிக்கிறார்கள். நீங்கள் ஆல்டோவிலிருந்து அதற்கு மாறுபவராக இருந்தால் மாட்டிக்கொள்வது நல்லது, கை வழுக்கினாலும் வாத்தியம் தப்பும். வளையம் சிறியதாக இருந்தால் ஆல்டோவின் தடித்த கொக்கி நுழையாது. வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓசூர், கர்நாடக இசை வாசிப்பவர்: வணக்கம். கோயிலில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஆல்டோ வாசிக்கிறேன். சுவாமி புறப்பாட்டில் நடந்துகொண்டு வாசிக்க வேண்டும். சில கல்யாணங்களில் மெல்லிசைக்கு டெனரும் எடுக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரு ஸ்ட்ராப் என்றால் எதைச் சொல்வீர்கள்?

1846-இல் பாரிஸில் அடால்ப் சாக்ஸ் காப்புரிமை பெற்ற இந்த வாத்தியத்தைத் தரையில் உட்கார்ந்து வாசிப்பார்கள் என்று அவர் நினைத்திருக்க வழியில்லை. மைசூர் அரண்மனை பேண்டில் அதைக் கேட்டு, பிறகு கர்நாடக இசை மேடைக்கே கொண்டுவந்து சேர்த்த கத்ரி கோபால்நாத் (1949–2019) வாசித்ததும் ஆல்டோதான், உட்கார்ந்துதான். அவருக்குப் பின் கர்நாடகத்திலும் அதை ஒட்டிய நம் பகுதியிலும் அந்த இருக்கையே பழக்கமாகிவிட்டது. ஆனால் கடையில் கிடைக்கும் ஸ்ட்ராப் எல்லாம் நிற்பவருக்கும் நாற்காலியில் உட்காருபவருக்கும் அளவெடுத்துச் செய்தவை.

சம்மணமிடும்போது வாத்தியத்தின் கீழ்ப்பாகம் வலது தொடையிலோ அதற்கு வெளியிலோ சாய்வதால் பாரத்தில் ஒரு பங்கைத் தொடை வாங்கிக்கொள்ளும், ஆகவே அங்கே கழுத்துக்குக் கஷ்டம் குறைவு. நீள அளவுதான் பிரச்சினை. நின்று வாசித்த நீளத்திலேயே உட்கார்ந்தால் ஸ்ட்ராப் தளர்ந்து தொங்கும், பாரம் முழுவதும் கட்டைவிரலுக்குப் போய்விடும். உட்காருவதற்கென்று மூன்றாவதாக ஒரு தையலை, மஞ்சள் நூலில், போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஹார்னஸைச் சொல்ல மாட்டேன். உட்கார்ந்து எழுவதில் அதன் வார்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும், வெற்று மேலில் அங்கவஸ்திரம் மட்டும் அணிந்து வாசிக்கும் கோயில்களில் அது தோலையும் உராயும். மூடும் கொக்கியும் ஒரு கையால் இழுத்து நகர்த்தக்கூடிய பக்கிளும் உள்ள சாதாரணத் தோல் ஸ்ட்ராப் போதும்.

இன்னொன்று, மரியாதை செய்யும்போது போடும் மாலையையும் பொன்னாடையையும் ஸ்ட்ராப்பின் மேல் போட விடுங்கள். ஆனால் அடுத்த உருப்படி தொடங்கும் முன் கழற்றி வைத்துவிடுங்கள். மாலையின் சரிகை நூல் பக்கிளுக்குள் நுழைந்துவிட்டால் நீளத்தை நகர்த்தவே முடியாது, கத்தரிக்கோல்தான் வேண்டும். பட்டு ஜிப்பா அணிந்தால் வழவழப்பான மெத்தை ஒரு பக்கமாக நழுவும், அதற்கு உட்புறம் மெல்லிய தோல் வைத்ததே பிடித்து நிற்கும்.

எலத்தகிரி, ஒரு தாய்: என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். தேவாலயப் பாடகர் குழுவில் ஆல்டோ கற்கிறாள். பெரியவர்களின் ஸ்ட்ராப்பையே முடிச்சுப் போட்டுச் சுருக்கி மாட்டுகிறோம். பரவாயில்லையா சார்?

முடிச்சு வேண்டாம் அம்மா. அது கழுத்தின் ஓரத்தில் ஒரே இடத்தில் அழுத்தும், பக்கிளும் அதைத் தாண்டி நகராது. சிறுவர்களுக்கென்றே நீளம் குறைந்த ஸ்ட்ராப்புகள் உண்டு. வளரும் பிள்ளைக்கு முதுகில் குறுக்காக ஓடும் வார்கள் கொண்ட சிறிய அளவு ஹார்னஸ் அதைவிட நல்லது. பெண் பிள்ளைகளுக்கு மார்பின் குறுக்கே வார் போகாத வகையாகப் பார்த்து, அவளையே மாட்டிப் பார்க்கச் சொல்லி வாங்குங்கள். அதுவரை உட்கார்ந்து வாசிக்கட்டும், நடுவில் அடிக்கடி கொக்கியைக் கழற்றி ஓய்வு எடுக்கட்டும்.

மொரப்பூர்: வெயில் காலத்தில் ஸ்ட்ராப் நாறுகிறது. என்ன செய்வது?

நியோப்ரீனும் நைலானும் என்றால் மிதமான சோப்புத் தண்ணீரில் கையால் அலசி நிழலில் காயப் போடுங்கள். தோலை நனைக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். பெட்டிக்குள் ஈரமாக வைக்காதீர்கள், வியர்வையின் உப்பு கொக்கியையும் துரு பிடிக்க வைக்கும், வாத்தியத்தின் பூச்சையும் கெடுக்கும்.

தேன்கனிக்கோட்டை: டெனரைவிடப் பெரிய பாரிடோன் ஒன்று வாங்கப் போகிறேன். இப்போதுள்ள ஸ்ட்ராப் தாங்குமா? ஆன்லைனில் வாங்கலாமா, பெங்களூருக்குப் போகலாமா?

பாரிடோன் 5 கிலோவைத் தாண்டும். அதைக் கழுத்து ஸ்ட்ராப்பில் மாட்டுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஹார்னஸ், அல்லது உட்கார்ந்து வாசிக்கும்போது பாரத்தைத் தாங்கும் ஸ்டாண்ட், இரண்டில் ஒன்று வேண்டும். ஆல்டோவுக்கும் பாரிடோனுக்கும் ஒரே ஹார்னஸ் என்றால் நீள வித்தியாசத்தை அது எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும், பாரிடோனில் வளையம் இருக்கும் இடம் மாடலுக்கு மாடல் மாறும்.

உங்களுக்குப் பெங்களூரு பக்கம்தான், நேரில் போங்கள். வாங்கப் போகும் பாரிடோனை அங்கேயே மாட்டிப் பார்ப்பீர்கள், உங்கள் ஆல்டோவையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். இரண்டையும் மாட்டி, கடைக்காரர் முகம் சுளித்தாலும் பத்து நிமிடம் நின்று வாசியுங்கள். மெத்தை முதல் நிமிடத்தில் எல்லாக் கழுத்துக்கும் சுகமாகவே இருக்கும்.