அம்மாவுக்கும் சேர்த்துத்தானே டிக்கெட்?

கேள்வி: எனக்கு வயது 41, கோவையில் ஐ.டி. வேலை. ஆகஸ்ட் இரண்டாம் வாரம் குடும்பத்தோடு கென்யாவின் மசாய் மாரா வனவிலங்கு ரிசர்வுக்குப் போகிறோம். நான், மனைவி, 11 வயது மகள், 4 வயது மகன், என் அம்மா (66). தலேக் ஆற்றங்கரையில், ரிசர்வுக்குள்ளேயே ஒரு டென்ட் கேம்ப்பில் 4 இரவு தங்கல். நைரோபியிலிருந்து சின்ன விமானம். 6 வயதுக்குக் குறைந்த குழந்தைகளை மற்ற விருந்தினர்களோடு ஜீப்பில் ஏற்ற மாட்டார்களாம். அதனால் பையனை அம்மா டென்டிலேயே பார்த்துக்கொள்வார். அவருக்கு மிருகங்களில் பெரிய ஆர்வமும் இல்லை. சர்க்கரை, முட்டிவலி வேறு. என் கேள்விகள்: கேமராவுக்கு 100-400 மி.மீ. ஜூம் லென்ஸ் போதுமா, தூரத்தை இன்னும் இழுக்கும் 150-600 வாங்க வேண்டுமா? என்ன நிறத்தில் உடை எடுத்துப் போவது? வில்டபீஸ்ட் மான்கூட்டம் ஆற்றைக் கடக்கும் காட்சியைப் பார்க்க 4 நாள் போதுமா?

பதில்: மூன்றுக்கும் பதில் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டு நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள். என்னால் தாண்ட முடியவில்லை. ‘பையனை அம்மா டென்டிலேயே பார்த்துக்கொள்வார்.’

இந்த வரி எனக்குப் புதிதில்லை. சிங்கப்பூர், துபாய், சுவிட்சர்லாந்து என்று ஊர் மட்டும்தான் மாறும். எல்லாக் கடிதத்திலும் ஓர் அம்மாவோ மாமியாரோ ஏதோ ஓர் அறையில் பேரனோடு உட்கார்ந்திருப்பார். ஆனால் அந்த அறைகளுக்குச் சுவர் இருந்தது. நீங்கள் உட்கார வைக்கப்போவது கூடாரத்தில்.

அங்கே ஒரு நாள் எப்படிப் போகும் தெரியுமா? விடியற்காலை ஆறு, ஆறரைக்கு ஜீப் கிளம்பும். பத்து மணி வாக்கில் திரும்பும். மறுபடி நாலு மணிக்குப் போனால் இருட்டும் நேரத்துக்கு வரும். ஆற்றுக் காட்சிக்காகப் போகிற அன்று சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க வெளியில்தான். மாராவில் பல கேம்ப்புகளுக்கு வேலி கிடையாது. குரங்கு வரும் என்பதால் டென்டின் ஜிப்பைப் பகலிலும் மூடி வைக்கச் சொல்வார்கள். ராத்திரியில் ஆற்றிலிருந்து நீர்யானை கரையேறிப் புல் மேய வரும். இருட்டிய பிறகு டார்ச்சோடு காவலாள் வந்து கூட்டிப்போனால் ஒழிய, சாப்பாட்டுக் கூடாரத்துக்குக்கூடத் தனியாக நடக்கக் கூடாது. போய் இறங்கியதும் முதலில் சொல்வதே இதைத்தான்.

அந்த இடத்தில் நாலு வயதுப் பையனைத் துரத்திப் பிடிக்க, முட்டிவலிக்காரரான 66 வயது அம்மாவை விட்டுவிட்டுப் போகிறீர்கள். பையன் ஜிப்பைத் திறந்துகொண்டு ஓடினால் அவர் யாரைக் கூப்பிடுவார், எந்த மொழியில்? நான் பயமுறுத்தவில்லை. கேம்ப் ஆட்கள் கெட்டிக்காரர்கள், பார்த்துக்கொள்வார்கள். ஆனாலும் பிள்ளை பார்த்துக்கொள்ளும் திட்டம் என்று அதை நீங்கள் எழுதியிருப்பதை ஒத்துக்கொள்ள முடியாது.

இன்னொரு கணக்கு. மாரா ரிசர்வுக்குள் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை நாளொன்றுக்கு 200 டாலர் கட்டணம். நாலு நாளுக்கு 800. அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல் கட்டி அம்மாவை உள்ளே கூட்டிப் போய், ஒரு மிருகத்தையும் காட்டாமல் திருப்பி அழைத்து வரப்போகிறீர்கள். லென்ஸுக்கு அவ்வளவு யோசித்த நீங்கள் இதை எப்படி யோசிக்காமல் விட்டீர்கள்?

‘மிருகங்களில் ஆர்வம் இல்லை’ என்று யார் சொன்னது? அவரா, நீங்களா? அவரே சொல்லியிருந்தாலும் அந்தப் பேச்சை எனக்குத் தெரியும். ‘எனக்கென்னப்பா, நீங்க போய்ட்டு வாங்க.’ ஒரு பையன் கஷ்டப்பட்டுச் செலவு செய்யும்போது அம்மாக்கள் சொல்வது அது. பந்தியில் கடைசியாக உட்கார்ந்து ‘எனக்குப் பசியில்லை’ என்று சொன்ன அதே வாய்தான்.

நானும் யோக்கியம் இல்லை. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது கொடைக்கானலுக்குப் போனோம். குழந்தைக்குச் சளி, குளிர் வேறு. ‘நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்’ என்றாள் என் அம்மா. இரண்டு நாளும் போனோம், படகில் சுற்றினோம். பத்து வருஷம் கழித்து, எதற்கோ கொடைக்கானல் பேச்சு வந்தபோது அம்மா கேட்டாள்: ‘அந்த ஏரி எவ்வளவு பெருசுடீ இருக்கும்?’ நாங்கள் தங்கிய இடத்திலிருந்து ஏரிக்கு நடந்தே போயிருக்கலாம்.

சரி, இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

முதல் வேலை, கேம்ப்புக்கு இன்றைக்கே மெயில் போடுங்கள். உங்கள் குடும்பத்துக்கு மட்டும் தனி வண்டி கேளுங்கள். வயதுக் கட்டுப்பாடு பெரும்பாலும் பிறரோடு பகிரும் வண்டிக்குத்தான். பையன் அழுதால் பக்கத்து சீட்டுக்காரரின் பயணம் கெடும் என்பதால். தனி வண்டியில் நாலு வயதை அனுமதிக்கிறார்களா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். கூடுதல் செலவுதான். ஆனால் பையன் சிணுங்கினால் திரும்பலாம், அம்மாவுக்கு முடியவில்லை என்றால் நிறுத்தலாம், எல்லாம் உங்கள் கையில். முடியாது என்று பதில் வந்தால் கேம்ப்பை மாற்றுங்கள். அதுவும் முடியாது என்றால் நீங்களும் உங்கள் மனைவியும் முறை போட்டுக்கொள்ளுங்கள். காலையில் ஒருவர் பையனோடு, மாலையில் இன்னொருவர். அம்மா இரண்டு வேளையும் ஜீப்பில். அவர் பிள்ளை வளர்த்து முடித்தவர், தம்பி. இது உங்கள் பிள்ளை.

அடுத்தது, உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லாத விஷயம்: மஞ்சள் காய்ச்சல் ஊசி. கென்யா போய்த் திரும்பும்போது அந்தச் சான்றிதழ் கையில் இல்லையென்றால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க அதிகாரம் இருக்கிறது. ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அதன்பின் ஆயுளுக்கும் செல்லும். எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள், அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் ஒன்று. கோவைக்காரரான உங்களுக்குக் கொச்சித் துறைமுக சுகாதார அலுவலகம் பக்கம். குறிப்பிட்ட நாட்களில்தான் போடுவார்கள், முன்பதிவு வேண்டும், கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

இங்கேதான் அம்மா மறுபடி வருகிறார். அது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த தடுப்பூசி. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு முதல்முறையாகப் போடும்போது கடுமையான பின்விளைவு வரும் வாய்ப்பு, அரிது என்றாலும், இளையவர்களைவிட அதிகம். ஆகவே மையத்துக்கு வரிசையாக ஐந்து பேரும் போய்க் கையை நீட்டும் காரியம் இல்லை. அம்மாவின் சர்க்கரை, அவர் சாப்பிடும் மாத்திரைகள், முட்டை அலர்ஜி இருக்கிறதா என்பதையெல்லாம் சொல்லி, அவரைப் பார்க்கும் டாக்டரிடம் முதலில் பேசுங்கள். போடலாம் என்றால் போடுங்கள். வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் கென்யாவை விடுங்கள். தெரிந்த ஆளைப் பிடித்து ஊசி போடாமலே சான்றிதழ் வாங்கிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கென்யாவை விட்டால் காடே இல்லையா என்ன? தென்னாப்பிரிக்காவுக்கு மஞ்சள் காய்ச்சல் பிரச்சினை இல்லை. அங்கே பிலானஸ்பர்க், மடிக்வே இரண்டும் மலேரியாவும் இல்லாத காடுகள். சிங்கம், யானை, காண்டாமிருகம் எல்லாம் உண்டு. ஆகஸ்டில் அங்கே குளிர்காலம், காடு காய்ந்து கிடப்பதால் மிருகங்கள் கண்ணில் படும். நாலும் அறுபத்தாறும் சேர்ந்து போகும் குடும்பத்துக்கு நானாக இருந்தால் முதலில் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஒன்று மட்டும் கவனம்: விமானம் நைரோபி, அடிஸ் அபாபா வழியாக இல்லாமல் துபாய், தோஹா வழியாக இருக்கட்டும். இல்லாவிட்டால் விட்ட இடத்துக்கே ஊசிக் கேள்வி திரும்பி வரலாம்.

மாராதான் என்றால் மலேரியா மாத்திரைக்கும் டாக்டரைப் பார்க்க வேண்டும். உங்களுக்குத் தரும் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பையனுக்குத் தரும் நம் வீட்டு வைத்தியம் இங்கே செல்லாது. டாக்ஸிசைக்ளின் சின்னக் குழந்தைகளுக்குக் கொடுப்பதில்லை. ஐந்து பேருக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்.

அம்மாவின் சர்க்கரை. விடிகாலையில் டீயும் பிஸ்கட்டும்தான் தருவார்கள், சாப்பாடு ஒன்பது, பத்து மணிக்கு. வீட்டில் ஏழு மணிக்கு மாத்திரை போட்டு எட்டு மணிக்கு இட்லி சாப்பிடுகிறவர் அதே ஏழு மணி மாத்திரையை ஜீப்பில் போட்டுக்கொண்டால் நடுக்காட்டில் சர்க்கரை இறங்கிவிடலாம். மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். கடலைமிட்டாய் எப்போதும் அவர் மடியில் இருக்கட்டும். மாத்திரைகள் கைப்பையில், இரண்டு பங்காக, சீட்டோடு. பயணக் காப்பீட்டில் சர்க்கரையை மறைக்காதீர்கள். அவசரத்துக்குக் காட்டிலிருந்து நைரோபிக்கு விமானத்தில் தூக்கிப்போகும் செலவும் அதில் அடங்குமா என்று பாருங்கள்.

இன்னொன்று, ஆண்கள் யாரும் எனக்கு எழுதாத விஷயம். காட்டுக்குள் பெரும்பாலும் கழிப்பறை கிடையாது. டிரைவர் சுற்றும் பார்த்துவிட்டு வண்டிக்குப் பின்னால் போகச் சொல்வார். இது தெரிந்தால் நம் ஊர் அம்மாக்கள் என்ன செய்வார்கள்? முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். சர்க்கரைக்காரர் அப்படிச் செய்தால் மூன்றாம் நாள் நீர்க்கடுப்பில் படுப்பார். உங்கள் மனைவியை அம்மாவிடம் இப்போதே பேசச் சொல்லுங்கள். மறைத்துக்கொள்ள ஒரு துப்பட்டா போதும். புடவையோடு அந்த ஜீப்பில் ஏறுவது சிரமம், படி உயரம். தளர்வான சுடிதாரும் ஏறுவதற்கு ஒரு ஸ்டூலும். முட்டிக்கு முன் சீட்டோ நடு சீட்டோ நல்லது, பின் சீட்டில் தூக்கிப் போடும்.

குழந்தைகளுக்கும் சேர்த்து ஐந்து பேருக்கும் தனித்தனியாக இ-டிஏ என்னும் கென்ய நுழைவு அனுமதி ஆன்லைனில் முன்பே வாங்க வேண்டும். சின்ன விமானத்தில் ஆளுக்கு 15 கிலோ, கைப்பையும் சேர்த்து, மடங்கும் துணிப் பையில். சக்கரப் பெட்டியை எடுத்துப் போய் அங்கே சண்டை போடாதீர்கள். பிளாஸ்டிக் பைக்கு 2017-லிருந்து கென்யாவில் தடை. முறுக்கு, பொடி எல்லாம் எவர்சில்வர் டப்பாவில், மஞ்சப்பையில். நம் இரண்டு பின் பிளக் அங்கே நுழையாது, பிரிட்டிஷ் மாதிரி சதுரப் பின் அடாப்டர் வாங்குங்கள். சைவச் சாப்பாடு பிரச்சினையே இல்லை, முன்கூட்டிச் சொன்னால் போதும்; சப்பாத்தியும் சமோசாவும் அந்த ஊர்ச் சாப்பாடாகவே ஆகிப் பல காலம் ஆயிற்று.

இனி உங்கள் கேள்விகள். நிறம்: காக்கி, பழுப்பு, மங்கிய பச்சை. நீலமும் கறுப்பும் வேண்டாம், செட்சி ஈ அந்த நிறங்களைத் தேடி வந்து கடிக்கும். மாரா கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலே. விடிகாலைக் குளிருக்கு எல்லோருக்கும் ஸ்வெட்டர், அம்மாவுக்குக் குல்லாவும் சால்வையும். ஆறு: எத்தனை நாள் தங்கினாலும் யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கில் கரையில் வந்து நிற்கும், மூன்று மணி நேரம் யோசிக்கும், திரும்பிப் போய்விடும். நாலு வயதையும் அறுபத்தாறையும் வெயிலில் வைத்துக்கொண்டு ஒரு நாள் காத்திருங்கள். இரண்டாம் நாளும் அதற்காகவே உட்காராதீர்கள், யானைக் கூட்டத்தைப் பார்க்கப் போங்கள்.

லென்ஸ்: 100-400 போதும். மாராவில் வண்டிகள் மிருகத்துக்கு அருகிலேயே போகும். 150-600 கனம், 15 கிலோவில் இடத்தை அடைக்கும். வாங்காமல் மிச்சமாகும் பணம் தனி வண்டிக்குப் போகட்டும். அதில் கொஞ்சம் எடுத்து அம்மாவுக்கென்று ஒரு பைனாகுலர் வாங்குங்கள், 8x32, கழுத்து வலிக்காத எடை. கண்ணாடி போடுகிறவர் என்றால் கண் வைக்கும் ரப்பர் வளையத்தை உள்ளே இறக்கிவிட வேண்டும், சொல்லிக் கொடுங்கள். இந்த வாரமே வாங்கிக் கொடுத்தால் கிளம்புவதற்குள் மொட்டைமாடியில் காக்காயைப் பார்த்துப் பழகிக்கொள்வார்.