மரையில் எண்ணெய் விட்டு முடுக்கலாமா?

கேள்வி: போல்ட் மரையில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுத்தான் டார்க் ரெஞ்சால் முடுக்குகிறேன். காய்ந்த மரையில்தான் முடுக்க வேண்டும் என்கிறார் நண்பர். எது சரி?

பதில்: சர்வீஸ் மேனுவல் எண்ணெய் விடச் சொன்னால் விடுங்கள். ஒன்றும் சொல்லாமல் வெறும் டார்க் அளவு மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் சுத்தமான, காய்ந்த மரைக்கான அளவு. அப்போது எண்ணெய் வேண்டாம்.

ரெஞ்ச் காட்டுவது நாம் திருப்பும் விசையை, அதாவது டார்க்கை மட்டும்தான். பாகங்களைப் பிடித்து நிறுத்துவது போல்ட்டின் இழுவிசை. முடுக்கும்போது போல்ட் ஸ்பிரிங் போல மிகச் சிறிதளவு நீள்வதால் அது வருகிறது. நாம் கொடுக்கும் டார்க்கில் ஏறக்குறைய பாதி, போல்ட்டின் தலைக்கு அடியில் உராய்வாகவே போய்விடும். மரையில் இன்னும் 40% போகும். போல்ட்டை இழுப்பது மிச்சமுள்ள 10% தான். அதனால் உராய்வு கொஞ்சம் குறைந்தாலும் இழுவிசை எகிறிவிடும்.

எம்10 (10 மில்லிமீட்டர் விட்டம்), 8.8 வலிமை கிரேடு போல்ட்டை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிது: டார்க் = கே × விட்டம் × இழுவிசை. கே என்பது உராய்வைப் பொறுத்து மாறும் எண். காய்ந்த எஃகுக்கு கே சுமார் 0.2, எண்ணெய் பட்டால் 0.15, மோலி கிரீஸுக்கு (மாலிப்டினம் டைசல்பைடு கலந்த கிரீஸ்) 0.12. காய்ந்த நிலையில் 50 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் சுமார் இரண்டரை டன் இழுவிசை வரும். இது பாதுகாப்பான அளவு. அதே 50-ஐ எண்ணெய் விட்ட மரையில் கொடுத்தால் 3.4 டன், போல்ட் தாங்கும் எல்லையைத் தொட்டுவிடுகிறோம். மோலி தடவியிருந்தால் 4.2 டன். இந்த போல்ட் 3.8 டன்னிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும். எண்ணெய் விட்டே ஆக வேண்டுமென்றால் டார்க்கை 37 அல்லது 38-க்கு இறக்குங்கள்.

ஏற்கெனவே எண்ணெய் விட்டு, டார்க்கைக் குறைக்காமல் முடுக்கிய போல்ட் என்றால், கழற்றி ஒரு புது நட்டைக் கையால் முழு மரையிலும் ஓட்டிப் பாருங்கள். நடுவில் ஓரிடத்தில் மட்டும் இறுகினால் அங்கே மரை நீண்டிருக்கிறது. அந்த போல்ட்டைத் தூக்கிப் போடுங்கள். நட்டு தாராளமாக ஓடினாலும் சந்தேகம் இருந்தால் மாற்றிவிடுவதே நல்லது.

எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைப் பிடித்து நிறுத்தும் ஹெட் போல்ட் வேறு விஷயம். பல மேனுவல்கள் மரையிலும் தலைக்கு அடியிலும் எஞ்சின் ஆயில் தடவச் சொல்கின்றன. அளவும் அதற்கேற்பவே கொடுக்கப்பட்டிருக்கும். தடவாமல் முடுக்கினால் ரெஞ்ச் கிளிக் அடித்தாலும் ஹெட் சரியாகப் பிடித்திருக்காது. அடி மூடிய துளையில் மட்டும் எண்ணெயை ஊற்றாதீர்கள். வெளியேற வழியில்லாமல் அது போல்ட்டுக்கு அடியில் அழுந்தி வார்ப்பையே விரிசல் விடவைக்கும். முடுக்கும் முன் துளையைக் காற்றடித்துக் காயவிட்டு, போல்ட்டில் மெல்லிய பூச்சாகத் தடவினால் போதும்.

கேள்வி: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நட்டு பாதி ஏறியதும் அப்படியே சிக்கிக்கொள்கிறது. ஏன்?

பதில்: இங்கே எண்ணெய் அவசியம். மேலிருக்கும் ஆக்சைடு படலம் உரசித் தேய்ந்ததும், உலோகமும் உலோகமும் ஒட்டி வெல்டிங் வைத்ததுபோல் பிடித்துக்கொள்ளும். ஆன்டி-சீஸ் (மரை சிக்காமல் இருக்கத் தடவும் பசை) தடவி, தட்டித் தட்டி வேகமாக முடுக்கும் இம்பாக்ட் ரெஞ்சைத் தவிர்த்து, கையால் மெதுவாக ஏற்றுங்கள். டார்க்கை அந்த டப்பாவில் சொல்லியிருக்கும் விகிதப்படி குறையுங்கள். பாதியில் இறுகினால் பலம் போடாமல் உடனே நிறுத்துங்கள்.

கேள்வி: கார் வீல் நட்டுக்கு கிரீஸ் தடவலாமா?

பதில்: மேனுவல் சொல்லாதவரை வேண்டாம். கம்பி பிரஷ்ஷால் துரு, மண்ணைத் தேய்த்துவிட்டு, காய்ந்த மரையில் நட்டுகளை எதிரெதிராக முடுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி டார்க் வைத்துப் பாருங்கள்.