நேர்ச்சைச் சோறு

அன்புள்ள ஐயா,

முதுகலை ஆய்வேட்டுக்காக இரண்டு நாள் நாகூர் தர்காவின் கந்தூரி விழாவுக்குப் போகிறேன். நாற்பது கேள்விகளோடு படிவம் தயார். தர்கா வழிபாடு உண்மையான இஸ்லாமா, இந்து மதத் தாக்கமா என்பதுதான் ஆய்வு. மானுடவியலாளர்கள் கீர்ட்ஸ், தலால் அசத் இருவரில் யாரை முதலில் படிக்கலாம்?

கே.

அன்புள்ள கே.,

யாரை முதலில் படித்தால் என்ன? கீர்ட்ஸ் 1968இல் மொராக்கோவையும் இந்தோனேசியாவையும் ஒப்பிட்டு எழுதியது சின்னப் புத்தகம், ரயிலிலேயே முடித்துவிடலாம். அசதின் 1986 கட்டுரை அதைவிடச் சின்னது, ஆனால் சீக்கிரம் முடியாது.

அந்தப் படிவத்தைத்தான் கிழித்துப் போடச் சொல்வேன். மானுடவியலாளர் லைலா அபு லுகோத் 1978இல் எகிப்தின் பதூயின் அரபுக் குடிகளிடம் ஆய்வுக்குப் போனபோது அவருடைய அப்பாவும் கூடவே போனார். மகளுக்கு அது சங்கடம். துணையில்லாமல் வந்த பெண்ணை அங்கே யாரும் நம்பியிருக்க மாட்டார்கள் என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது. இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு வீட்டின் மகளாக அங்கே இருந்தார். நீங்கள் இரண்டு நாளில் உண்மையான இஸ்லாமைக் கண்டுபிடித்துவிடுவீர்கள், அப்படித்தானே?

கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வயதில் நானும் இதே மடத்தனத்தைச் செய்தவன். கல்லூரி நண்பன் வீட்டில் தங்கியிருந்தேன். அவனுடைய உம்மா நாகூர் எஜமான், அதாவது அந்த தர்காவில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது பேரில் நேர்ந்துகொண்டு நெய்ச்சோறு ஆக்கி, பாத்திஹா (குர்ஆனின் முதல் அத்தியாயம்) ஓத ஆள் வரட்டும் என்று மூடி வைத்திருந்தார். ஊதுபத்தியைப் பார்த்ததுமே நான் நோட்டில் 'இந்துத் தாக்கம்' என்று எழுதிவிட்டேன். அப்புறம் துபாயிலிருந்து வந்திருந்த மூத்த மகன் உள்ளே நுழைந்தார். "இது பித்அத்மா" என்றார், மார்க்கத்தில் இல்லாத புதுமை என்று அர்த்தம். உம்மா விடவில்லை. "துவா அல்லாகிட்டதான் கேக்குறேன். சோறு ஏழைக்குப் போவுது. அவுலியா பேரச் சொன்னா ஷிர்க்காயிடுமா?" அவுலியா என்றால் இறைநேசர், ஷிர்க் என்றால் அல்லாவுக்கு இணைவைப்பது. மகன் ஒரு ஹதீஸ், அதாவது நபிமொழி சொன்னார், உம்மா தன் வாப்பாவுக்கு ஓதிக்கொடுத்த ஆலிம் சொன்னதைச் சொன்னார். ஒரு மணி நேரம் போயிருக்கும், இந்து என்ற சொல்லே வரவில்லை. அது என் நோட்டில் மட்டும்தான் இருந்தது. குர்ஆனையும் ஹதீஸையும் முன்னால் வைத்துக்கொண்டு எது சரியான நடைமுறை என்று தலைமுறை தலைமுறையாகப் பேசிவரும் மரபு என்று அசத் சொல்கிறாரே, அது அந்த அடுப்படியில் நடந்துகொண்டிருந்தது. நான் ஊதுபத்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓதி முடித்து எல்லாருக்கும் சோறு வைத்தார்கள். மூத்தவர் தொடவில்லை. உம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய், அவருக்கு மட்டும் வேறு சோறு வடித்து இரண்டு முட்டை பொரித்துக்கொண்டு வந்து வைத்தார்.