மங்கிய ஒளியில் எந்தக் கேமரா?

கேள்வி: தாத்தா பயன்படுத்திய யாஷிகா எலக்ட்ரோ 35 ரேஞ்ச்ஃபைண்டரும், 50 எம்.எம். எஃப்/1.8 லென்ஸ் பூட்டிய ஃபிலிம் எஸ்.எல்.ஆர். ஒன்றும் என்னிடம் உள்ளன. பாடலீஸ்வரர் கோயில் வாசலில் விளக்கு வைத்த பிறகு பூக்காரர்களைப் படமெடுத்தால், எஸ்.எல்.ஆரில் பாதிக்குப் பாதி ஃபோகஸ் தப்பிவிடுகிறது. எதை எடுத்துச் செல்லலாம், ஐயா?
– ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

பதில்: தாத்தாவின் கேமராவையே எடுத்துச் செல்லுங்கள். எஸ்.எல்.ஆரில் லென்ஸ் வழியே வந்து, கண்ணாடியில் பட்டுத் திரும்பி, திரையில் விழும் பிம்பத்தின் தெளிவைக் கண்ணால் நிதானிக்க வேண்டும்; வெளிச்சம் குறையக் குறைய அந்த நிதானம் தடுமாறுகிறது. ரேஞ்ச்ஃபைண்டரில் அந்தச் சிரமம் இல்லை. முகப்பில் ஒன்றுக்கொன்று சற்றுத் தள்ளி அமைந்த இரண்டு சாளரங்கள் தரும் பிம்பங்களை, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் நடுவிலுள்ள சிறு திட்டில் ஒன்றன்மேல் ஒன்று பொருத்துகிறோம். அதற்கு ஓர் ஒளிப்புள்ளியே போதும். பூக்கார அம்மாவின் மூக்குத்தியில் பல்பின் ஒளி பட்டு மின்னுகிறதா? இரட்டையாகத் தெரியும் அந்த மினுக்கு ஒன்றாகும் வரை லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருப்புங்கள், முகம் ஃபோகஸுக்கு வந்துவிடும்.

ஆனால் வரிசையாகத் தொங்கும் மல்லிகைச் சரங்களை நம்பாதீர்கள். ஒரு சரத்தின் பிம்பம் பக்கத்துச் சரத்தின் மேல் பொருந்தி, சரியாக அமைந்துவிட்டதுபோல் கண்ணை ஏமாற்றும். பிம்பங்கள் பக்கவாட்டில்தான் நகர்கின்றன என்பதால் தராசுத் தட்டின் விளிம்பு போன்ற கிடைக்கோடுகளும் உதவா. அவற்றைத்தான் பார்த்தாக வேண்டுமென்றால் கேமராவைச் செங்குத்தாகப் பிடியுங்கள்.

எலக்ட்ரோவின் 45 எம்.எம். லென்ஸின் ஒளித்துளையை எஃப்/1.7இல் முழுவதும் திறந்து, ஒன்றரை மீட்டரில் நிற்பவரை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 11 செ.மீ. மட்டுமே. எனவே ஃபோகஸ் செய்தபின் முன்னும் பின்னும் சாயாமல் உடனே ஷட்டரை அழுத்துங்கள். எழும்பி அதிரும் கண்ணாடி இதில் இல்லாததால், மூச்சைப் பிடித்துக்கொண்டால் 1/15 நொடியிலும் கையில் வைத்தே எடுக்க முடியும்.

தேரடியிலிருந்து தூரத்து முகத்தை 135 எம்.எம். லென்ஸால் எடுப்பதென்றால் எஸ்.எல்.ஆர்.தான் ஏற்றது. லென்ஸ் நீளும்போது திரையில் பிம்பமும் பெரிதாகி, சிறு பிசகும் தெரிந்துவிடும். எலக்ட்ரோவிலோ லென்ஸை மாற்றவே இயலாது.

ஒன்றை மட்டும் முதலில் சோதித்துவிடுங்கள். 1966இல் அறிமுகமான வரிசை இது. பழைய கேமராக்களில் வியூஃபைண்டர் கண்ணாடிகளில் புகைபோல மங்கல் படிந்து நடுத்திட்டு வெளிறுவதும், ஃபோகஸ் தூர அளவு விலகுவதும் உண்டு. இருட்டியபின் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்று, வளையத்தை முடிவிலிக் குறியில் (∞) வைத்து, தொலைவில் நிற்கும் படகின் விளக்கைப் பாருங்கள். விளக்கு இரண்டாகத் தெரிந்தால், ஃபிலிம் போடுவதற்கு முன்பே பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, துடைத்து அளவு திருத்தி வாங்குங்கள்.