கோல்ஃப் கிளப் வேலை: பயிற்சியாளரா, புல்வெளிப் பொறுப்பா, வெளிநாடா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 27. பெங்களூரு முருகேஷ்பாளையத்தில் வசிக்கிறோம். அப்பா கோல்ஃப் மைதானத்தில் கேடியாக, அதாவது ஆட வருபவர்களின் மட்டைப் பையைச் சுமப்பவராக, இருந்தவர். பள்ளி நாட்களில் நானும் அவருடன் போய்ப் பை சுமந்திருக்கிறேன். மாலை நேரக் கல்லூரியில் பி.காம். முடித்து, இப்போது ஒரு கிளப்பின் புரோ ஷாப்பில், அதாவது கோல்ஃப் சாமான் கடையில், இருக்கிறேன். வார இறுதியில் ஆட்டக்காரர்களை வரிசைப்படி ஆட அனுப்பும் ஸ்டார்ட்டர் பொறுப்பும் என்னுடையதே. என் ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறையக் குறையத் திறன் கூடுதல்) 6. பயிற்சியாளராகிவிடு என்கிறார்கள் உறுப்பினர்கள். மைதானச் சூப்பரின்டென்டென்ட் தம் பிரிவுக்கு உதவியாளராக வரச் சொல்கிறார். சம்பளம் சற்றுக் குறைவு. துபாயில் கேடிகளை மேற்பார்க்கும் கேடி மாஸ்டர் வேலை என்று ஓர் ஏஜென்ட் முன்பணம் கேட்கிறார். அப்பாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, பென்ஷன் எதுவும் கிடையாது. அதனால் இந்தத் தொழிலையே விட்டுவிட்டு வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார் அம்மா. நானோ, மழை நின்றதும் எந்த கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள புல்தரை) முதலில் தண்ணீர் வடிகிறது என்று பார்க்கப் போய்விட்டு, கடையில் திட்டு வாங்குகிறேன். எனக்கு இதில் எதிர்காலம் உண்டா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெங்களூரு

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் அம்மாவின் அச்சத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. கேடியாகப் பணியாற்றுபவர் பல மைதானங்களில் கிளப்பின் ஊழியராகக் கருதப்படுவதில்லை. அவர் பதிவு பெற்றவர், அடையாள அட்டை வைத்திருப்பவர், அவ்வளவே. கூலியை அந்தந்த ரவுண்டுக்கு ஆட வருபவரே கொடுக்கிறார். வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ., பணிக்கொடை ஆகிய எதுவும் அந்த ஏற்பாட்டுக்குள் வராததால், முழங்கால் தேயும் வயதில் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. உங்கள் அப்பாவுக்கு நேர்ந்ததற்கு அவருடைய உழைப்பில் எந்தக் குறையும் காரணமில்லை. அந்த வேலை அமைக்கப்பட்டிருந்த விதமே காரணம். ஆகவே கோல்ஃப் துறையை விடுவதா வேண்டாமா என்பதைவிட, அத்துறைக்குள் மாதச் சம்பளமும் சட்டப்படியான பாதுகாப்பும் உள்ள இடம் எது என்பதையே நீங்கள் முதலில் கேட்க வேண்டும்.

கேடியாகத் தொடங்கி ஆட்டக்காரர்களாகப் புகழ்பெற்றவர்கள் உண்டு. டெல்லியின் அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்ற முதல் இந்தியர். உங்கள் ஊரின் சி. முனியப்பா அதே பட்டத்தை 2009இல் வென்றார். பிடதியிலிருந்து வந்த சிக்கரங்கப்பாவின் தொடக்கமும் கேடி வேலைதான். இவர்களை நினைத்து நாம் பெருமைப்படலாம். ஆனால் நீங்கள் 27 வயதில், ஹேண்டிகேப் 6 உடன், முழுநேர வேலைக்கிடையே ஆடுபவர். தொழில்முறைச் சுற்றின் தகுதித் தேர்வில் தேறுபவர்கள் பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டிய அல்லது அதற்கும் கீழான ஹேண்டிகேப்புடன் வருகிறார்கள். அந்த வழியை நீங்களும் கேட்கவில்லை. நானும் அதை இத்துடன் விடுகிறேன்.

அமெரிக்காவின் பி.ஜி.ஏ. என்ற தொழில்முறைச் சங்கம் 1916இல் தொடங்கப்பட்டது. அது தன் உறுப்பினர்களின் பணியை ஆட்ட நிர்வாகம், பயிற்சி, உயர் மேலாண்மை என்று மூன்று தடங்களாகப் பிரித்து வழிகாட்டி வந்திருக்கிறது. டீ டைம் எனப்படும் ஆட்டத் தொடக்க நேரத்தை ஒதுக்குவது, போட்டிகளை நடத்துவது, ஹேண்டிகேப் பதிவுகளைக் கவனிப்பது, கடையை நடத்துவது ஆகியவை முதல் தடத்தைச் சேர்ந்தவை. தாங்கள் அறியாமலே நீங்கள் ஏற்கெனவே அதில்தான் நின்றுகொண்டிருக்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் வெளியே, மைதானத்தைப் பராமரிக்கும் நான்காவது உலகம் ஒன்று தனியாக இருக்கிறது. உங்களை அழைத்திருக்கும் சூப்பரின்டென்டென்ட் அந்த உலகத்தைச் சேர்ந்தவர்.

பயிற்சியாளர் வேலையை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் இதற்கான முறையான வழி, இந்தியன் கோல்ஃப் யூனியனின் கீழ் இயங்கும் நேஷனல் கோல்ஃப் அகாடமி ஆஃப் இந்தியா நடத்தும் சான்றிதழ்ப் படிநிலைகள். பெங்களூருவில் குழந்தைகளுக்குப் பயிற்சி தேடும் பெற்றோருக்குக் குறைவில்லை. அனிர்பன் லாஹிரியும், டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற அதிதி அசோக்கும் இந்த ஊரைச் சேர்ந்தவர்கள் என்பது அந்த ஆர்வத்தைக் கூட்டியிருக்கிறது. ஆனால் பயிற்சியாளரின் வருமானம் பெரும்பாலும் வகுப்புக் கணக்கில் வருவது. மழைக்காலத்தில் வகுப்பு நின்றால் வருமானமும் நிற்கும். கிளப்புக்கு ஒரு பங்கும் போகும். அம்மா அஞ்சும் நிலையற்ற தன்மை இங்கேயும் வேறு உருவத்தில் இருக்கிறது.

அத்துடன் நீங்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. 2022இல் திருத்தி எழுதப்பட்ட அமெச்சூர் (கோல்ஃபைத் தொழிலாகக் கொள்ளாத ஆட்டக்காரர்) தகுதி விதிகளின்படி, சில விலக்குகள் தவிர, நேரில் கற்றுக்கொடுத்துப் பணம் பெறுபவர் அமெச்சூர் தகுதியை இழக்கிறார். கிளப்பிலோ, பந்தடித்துப் பழகும் டிரைவிங் ரேஞ்சிலோ புரோ என்ற தொழில்முறைப் பதவியை ஏற்பவரும் அப்படியே. உங்கள் விற்பனை வேலையால் அந்தத் தகுதி போகாது. ஆனால் ரேஞ்சில் நிற்கும் ஓர் உறுப்பினர் தம் மட்டை வீச்சைத் திருத்தச் சொல்லி உங்கள் கையில் ஒரு தொகையைக் கொடுத்தால், அதை வாங்கும் முன் யோசியுங்கள். அமெச்சூர் போட்டிகளில் தொடர்ந்து ஆட விரும்பினால் அதை வாங்கவே கூடாது.

உயர் மேலாண்மை உங்களுக்கு மூடிய கதவன்று. கிளப் மேலாளர் பதவிக்கு ஹோட்டல் துறையினரையும் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரிகளையும் நாடும் வழக்கம் இருக்கிறது. ஆயினும் கணக்கு, ஜி.எஸ்.டி., ஒப்பந்தம் ஆகியவற்றை அறிந்த பி.காம். பட்டதாரி ஒருவர், மைதானத்தையும் உள்ளிருந்து அறிந்தவராக இருந்தால், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்த நாற்காலிக்கு உரிமை கோரலாம். உறுப்பினர் கிளப்புகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட குழு மாறிக்கொண்டே இருக்கும். புதிய குழு பழைய முடிவுகளைப் புரட்டும். அதைத் தாங்கும் பொறுமை வேண்டும். இதை இப்போதைக்கு ஒரு பக்கம் வையுங்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரிக்கு வருகிறேன். பயிற்சியாளர் வேலையைப் பற்றி எழுதும்போது பிறர் சொன்னதை எழுதினீர்கள். துபாயைப் பற்றி எழுதும்போது ஏஜென்ட் சொன்னதை எழுதினீர்கள். தண்ணீர் வடிவதைப் பார்க்க ஓடியது மட்டுமே நீங்களாகச் செய்தது. ஒரு கிரீன் விரைவில் வடிவதற்கும் இன்னொன்று தேங்குவதற்கும் காரணம் அதன் அடியில் இருக்கிறது. அமெரிக்காவின் கோல்ஃப் சங்கமான யு.எஸ்.ஜி.ஏ. 1960இல் வெளியிட்டுப் பின்னர் திருத்தி வரும் கட்டுமான முறையில், சுமார் 30 சென்டிமீட்டர் மணல் கலவையும் அதன் கீழே சுமார் 10 சென்டிமீட்டர் ஜல்லியும் அதற்கும் கீழே வடிகால் குழாய்களும் அமைகின்றன. நுண்மணலுக்கும் ஜல்லிக்கும் இடையிலான துளையளவு வேறுபாட்டால், மணல் அடுக்கு வேண்டிய ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மிகுதியை மட்டும் கீழே விடுகிறது. நாளடைவில் இறந்த வேரும் தண்டும் மேற்பரப்புக்குக் கீழே பஞ்சு போன்ற ஓர் அடுக்காகப் படிந்தால், மணல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தண்ணீர் இறங்காது. உறுப்பினர்கள் முணுமுணுத்தாலும் கிரீனில் துளையிட்டுக் குச்சி வடிவ மண்துண்டுகளை எடுத்து மணல் தூவுவது அந்த அடுக்கை உடைப்பதற்காகத்தான். மர நிழலும் காற்றோட்டக் குறைவும் சேர்ந்தால் அதே கிரீனில் பூஞ்சை நோயும் வரும். நீங்கள் மழைக்குப் பின் பார்த்தது இவற்றில் எதனால் என்று கண்டுபிடித்துச் சொல்வதற்குச் சம்பளம் தரும் பதவிதான் சூப்பரின்டென்டென்ட் பதவி.

இந்தப் பக்கத்தில் போட்டி குறைவு என்பது என் உறுதியான எண்ணம். உறுப்பினர்கள் கண்ணில் படுவது பயிற்சியாளர். விடிவதற்கு முன் கிரீனை 3 முதல் 4 மில்லிமீட்டர் உயரத்துக்குள் வெட்டி முடிப்பவர்களை அவர்கள் பார்ப்பதே இல்லை. பார்க்காத வேலைக்கு ஆசைப்படுபவர்களும் குறைவு. ஆனால் 18 குழி மைதானம் ஒன்று பெரும்பாலும் நூறு ஏக்கருக்கும் மேலான நிலம். அதற்குப் பம்பு, தெளிப்பான், உரம், மருந்து, இயந்திரம், ஆட்கள் என்று ஆண்டு முழுவதும் பெருஞ்செலவு ஆகிறது. அந்தச் செலவைக் கணக்கிட்டுக் குழுவின் முன் வைக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். உங்கள் வணிகவியல் பட்டம் அங்கே பயன்படும் அளவுக்குப் புரோ ஷாப்பில் பயன்படாது.

பெங்களூருவில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2024 கோடையில் நகரம் பட்ட தண்ணீர்த் தட்டுப்பாட்டை நீங்கள் முருகேஷ்பாளையத்தில் நேரில் பார்த்திருப்பீர்கள். குடிநீருக்கு மக்கள் குடத்துடன் நிற்கும் ஊரில் கோல்ஃப் மைதானம் நல்ல தண்ணீரில் பச்சையாக இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. சுத்திகரித்த கழிவுநீரே அதன் வழி. அந்த நீரில் உப்பு மிகுதியாக இருக்கக்கூடும். அது மண்ணில் தங்கினால் புல் கருகும். மண்ணையும் நீரையும் காலமுறைப்படி சோதித்து, உப்பைக் கழுவி இறக்கும் அளவுக்கு நீர் விட்டு, அந்த நிலைமையைத் தாங்கும் புல் வகையைத் தேர்ந்து பராமரிப்பவர் இனி எந்த மைதானத்துக்கும் இன்றியமையாதவர். 1876இல் தொடங்கிய பெங்களூர் கோல்ஃப் கிளப் முதல் நந்தி மலைப் பக்கத்துப் புதிய மைதானங்கள் வரை எல்லோருக்கும் பொதுவான கவலை இது. சென்னை நந்தனத்துக்கோ உதகைக்கோ போனாலும் கையோடு வரும் அறிவு இது.

ஆகவே சூப்பரின்டென்டென்டின் அழைப்பை ஏற்கும்படி சொல்கிறேன். ஆனால் சில விவரங்களை எழுத்தில் பெற்றுக்கொண்டு ஏற்க வேண்டும். நீங்கள் கிளப்பின் சம்பளப் பட்டியலில் வருகிறீர்களா, அல்லது பராமரிப்பு ஒப்பந்ததாரரின் ஆளாகச் சேர்க்கப்படுகிறீர்களா என்பதைக் கேளுங்கள். இரண்டாவது என்றால் இப்போதைய வேலையை விடாதீர்கள். வைப்பு நிதிப் பிடித்தம் தடையின்றித் தொடர வேண்டும். மருந்து தெளிக்கும் நாட்களுக்குக் கையுறை, முகக்கவசம் உள்ளிட்ட பாதுகாப்புச் சாதனங்களைக் கிளப்பே தர வேண்டும். ஓராண்டில் உங்களைப் பாசனம், இயந்திரக் கொட்டகை, மருந்துக் கிடங்கு என்று எல்லா இடத்திலும் சுழற்சியில் வைப்பதாக அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். வெறுமனே வருகைப் பதிவேடு எழுத வைத்தால் ஒன்றும் கற்க மாட்டீர்கள். இயந்திரக் கொட்டகையைத் தாழ்வாக எண்ணிவிடாதீர்கள். புல்வெட்டும் இயந்திரத்தின் உருளைக் கத்தியையும் அடிக்கத்தியையும் சரியாக உரச வைக்கத் தெரிந்த மெக்கானிக் கிடைக்காமல்தான் நல்ல கிரீன்கள்கூடக் கிழிந்த நுனியோடு பழுப்பாகத் தெரிகின்றன.

படிப்புக்கு உடனே பெருந்தொகை செலவிட வேண்டாம். அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் புல்வெளி மேலாண்மையில் இணையவழிச் சான்றிதழ்ப் படிப்பு நடத்துகிறது. ஈராண்டு வேலைக்குப் பிறகு, கிளப் செலவில் ஒரு பகுதியை ஏற்குமானால், அதைப் பார்க்கலாம். அதுவரை யு.எஸ்.ஜி.ஏ.வின் புல்வெளிப் பிரிவு வெளியிடும் கட்டுரைகளை இலவசமாகவே படிக்க முடியும். சோதனைக்கு மண் எடுத்துப் போகும் நாட்களில் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்துக்கு நீங்களே நேரில் போய் அங்குள்ளவர்களிடம் பேசிப் பழகுங்கள்.

ஸ்டார்ட்டராக நீங்கள் பெற்ற அனுபவமும் வீணாக வேண்டியதில்லை. கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பின் விதிகள் படிப்பில் முதல் நிலையை இணையத்தில் கட்டணமின்றி முடிக்கலாம். அடுத்த நிலை, தேசியச் சங்கங்கள் வழியாக நடக்கும் கருத்தரங்கும் தேர்வும். நடுவர் தகுதி மட்டுமே குடும்பத்தைக் காக்கும் வருமானம் தராது. ஆனால் போட்டி நாட்களில் குழியின் இடத்தைத் தீர்மானிப்பதிலும் மைதானத்தைக் குறியிடுவதிலும் விதி அறிந்த புல்வெளி அலுவலருக்குத் தனி மதிப்பு உண்டு.

துபாய் விஷயத்தில் என் பதில் ஒரே சொல்தான்: வேண்டாம். அங்கே ஆட்டம் பெரும்பாலும் பேட்டரி வண்டியில் நடக்கிறது. கேடி மாஸ்டர் என்ற பதவிக்கு ஏஜென்ட் ஆள் தேடுகிறார் என்பதே என்னைச் சந்தேகிக்க வைக்கிறது. ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிப்பதை ஐக்கிய அரபு அமீரகச் சட்டம் தடை செய்கிறது. நம் நாட்டிலும் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் என்று உச்சவரம்பு இருக்கிறது. வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் அவருடைய பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வளைகுடா மைதானங்களுக்குப் போகும் விருப்பம் பின்னாளிலும் இருந்தால், புல்வெளிப் பிரிவில் ஐந்தாறு ஆண்டு அனுபவத்துடன் நேரடியாக விண்ணப்பியுங்கள்.

அம்மாவிடம் பேசும்போது வாக்குவாதம் செய்யாதீர்கள். வங்கித் தேர்வுக்கு வயது வரம்பு இருப்பதால், விருப்பமிருந்தால் அடுத்த ஓராண்டில் எழுதிப் பாருங்கள். அதனால் இந்த வேலைக்குக் குந்தகமில்லை. வேலை உத்தரவையும் வைப்பு நிதிக் கணக்கு விவரத்தையும் அவரிடம் காட்டி, அப்பாவுக்கு இல்லாதிருந்த எது எது இதில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக விளக்குங்கள். இ.எஸ்.ஐ.யில் நீங்கள் வருவீர்களானால் உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் அங்கே மருத்துவ வசதி கிடைக்கும். தற்போது அதற்கான சம்பள உச்சவரம்பு மாதம் 21,000 ரூபாய். அப்பாவின் முழங்காலுக்கு அது உதவுமா என்பதைக் கிளப்பின் கணக்குப் பிரிவில் இந்த வாரமே விசாரியுங்கள். உத்தரவு கைக்கு வந்த பிறகே புரோ ஷாப் சாவியை ஒப்படையுங்கள்.