முழங்கால் மடங்காத நாளில்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம். எனக்கு 43 வயது. ஒன்பது வருடமாக சரவாங்கி. டாக்டர் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்கிறார். காலையில் எழுந்தால் விரல் மடங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. போகாத கன்வென்ஷன் இல்லை, இருக்காத உபவாசம் இல்லை. ஒரு கூட்டத்தில் பிரசங்கியார், விசுவாசம் உள்ளவர்கள் மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள் என்றார். புதன்கிழமை போடும் மெத்தோட்ரெக்சேட், தினமும் போடும் ஸ்டீராய்டு இரண்டையும் நிறுத்தினேன். ஒரு மாதம் ஆவதற்குள் இரண்டு மணிக்கட்டும் வீங்கி, மகளுக்குத் தலை பின்னிவிடக்கூட முடியாமல் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். சபை விருந்தான அசனத்துக்கு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தால் கத்தியைப் பிடிக்க முடியவில்லை. அப்போது சபையில் மூத்த அம்மா ஒருவர் எல்லார் முன்னாலும், "மறைவான பாவம் ஏதாவது இருந்தா அறிக்கை பண்ணிடு" என்றார். முழங்கால் போட முடியாததால், மண்டியிட்டு அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துக்கும் இப்போது போவதில்லை, பின் பெஞ்சிலேயே இருந்துவிடுகிறேன். கர்த்தர் என்னை எடுத்துக்கொண்டால் எல்லாருக்கும் நிம்மதி என்று சில ராத்திரி தோன்றுகிறது. என் விசுவாசம் பத்தவில்லையா அக்கா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி

பதில்: அன்புத் தங்கச்சி, கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, ராத்திரியில் வருகிற அந்த நினைப்பு, அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதை இன்றைக்கே உங்கள் வீட்டுக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அடுத்த தடவை டாக்டரிடமும் சொல்லுங்கள், ஏனென்றால் வருஷக்கணக்காக வலியோடு இருக்கிறவர்களுக்கு மனச்சோர்வும் சேர்ந்து வருவது சாதாரணம், அதற்கும் மருந்து உண்டு. ராத்திரியில் யாரையும் எழுப்பக் கூச்சமாக இருந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்று அரசாங்கம் நடத்துகிற இலவச எண் அது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

இப்படி நினைத்துவிட்டோமே என்று அதற்கு வேறு குற்ற உணர்ச்சி வேண்டாம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றுதானே சொன்னான்? கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறங்கப் பண்ணின அதே எலியா. அவனைக் கர்த்தர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டார். தூதனை அனுப்பித் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டு அவன் மறுபடியும் படுத்துக்கொண்டான், அதற்கும் விட்டார். ஏன் ஓடிவந்தாய் என்ற பேச்செல்லாம் அதற்கு நாற்பது நாள் கழித்து, ஓரேப் மலையில்தான். சோர்ந்து கிடக்கிற பிள்ளையைக் கர்த்தர் எப்படி நடத்துகிறார் என்று யாராவது என்னிடம் கேட்டால் இந்த அதிகாரத்தைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

சரி, மாத்திரைக்கு வருவோம். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வியாதி என்ன செய்கிறது என்றால், கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் சக்தியே உங்கள் மூட்டுகளைப் பகையாக நினைத்துத் தாக்குகிறது. மெத்தோட்ரெக்சேட் அந்தத் தாக்குதலைத் தணிக்கிற மருந்து. வெறும் வலி மாத்திரையாக இருந்தால் நிறுத்தினால் வலிக்கும், மறுபடி போட்டால் அடங்கும், அவ்வளவுதான். இது அப்படி இல்லை. நிறுத்தின காலத்தில் எலும்பும் குருத்தெலும்பும் அரித்துப்போனால் போனதுதான், திரும்ப மாத்திரை போட்டு அதை மீட்க முடியாது. ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது இன்னும் ஆபத்து. மாதக்கணக்கில் வெளியிலிருந்து கிடைத்ததால் உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கும், சட்டென்று விட்டால் ரத்த அழுத்தம் விழுந்து மயக்கம் வரைக்கும் கொண்டுபோய்விடும். மேடையில் நின்று தூக்கிப் போடு என்றவர் உங்களோடு ஆஸ்பத்திரி வரிசையில் வந்து உட்காரவில்லை, இல்லையா?

இன்னொன்று. விட்டுப்போன வாரங்களை ஈடுகட்டுகிறேன் என்று மெத்தோட்ரெக்சேட்டைச் சேர்த்தோ தினமுமோ போட்டுவிடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்தாகும். வாரத்தில் ஒரே நாள், டாக்டர் சொன்ன அளவு, கூடவே அவர் எழுதிக்கொடுக்கிற ஃபோலிக் ஆசிட். ரத்தம் எடுத்துக் கல்லீரலையும் அணுக்களையும் பார்க்கிற பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

மாத்திரை போட்டால் கர்த்தரை நம்பாத மாதிரி ஆகிவிடுமோ என்ற பயம் உங்கள் மனதில் இருக்கிறது, அதனால்தானே நிறுத்தினீர்கள்? எசேக்கியா ராஜாவைப் பாருங்கள். உன்னைக் குணமாக்குவேன், பதினைந்து வருஷம் கூட்டித் தருவேன் என்று கர்த்தர் ஏசாயா மூலம் வாக்குக் கொடுத்தார். அதைச் சொன்ன அதே ஏசாயாதான் அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப் போடச் சொன்னார். வாக்குத்தத்தம் வந்துவிட்டதே, பற்று எதற்கு என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பவுல் அப்போஸ்தலரோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவுக்கு அடிக்கடி பலவீனம், வயிற்றுக் கோளாறு. அதற்குப் பவுல் எழுதினது என்ன? உபவாசத்தைக் கூட்டு என்று எழுதவில்லை, தண்ணீரோடு கொஞ்சம் திராட்சரசமும் சேர்த்துக்கொள் என்றுதான். அந்தக் காலத்துக் கைமருந்து அது.

துரோப்பீமு என்று ஒருவர் இருக்கிறார். பிரசங்கத்தில் அவர் பெயர் அவ்வளவாக வராது, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த மனிதர். எபேசு ஊர்க்காரர், பவுலோடு பிரயாணம் செய்தவர். அந்த எபேசுவில்தான் பவுலின் உடம்பில் பட்ட உறுமால்களை, அதாவது கைக்குட்டைகளை, கொண்டுபோய்ப் போட்டதும் வியாதிகள் நீங்கின என்று அப்போஸ்தலர் நடபடிகளில் படிக்கிறோம். அதே பவுல் கடைசி நிருபத்தில் ஒரே வரியில் எழுதுகிறார், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று. எபேசுவிலிருந்து மிலேத்து ஒன்றும் தொலைதூரம் இல்லை. ஊரார் எல்லாரையும் தொட்ட சுகம், கூடவே நடந்த ஆளுக்கு ஏன் வரவில்லை? பவுலுக்கு விசுவாசம் குறைந்துபோனதா, துரோப்பீமுவிடம் மறைவான பாவம் இருந்ததா? பவுல் எந்தக் காரணமும் சொல்லவில்லை, குற்றமும் சொல்லவில்லை. வியாதியாக இருந்தார், விட்டுவந்தேன், அவ்வளவுதான். வேதம் பேசாமல் விட்ட இடத்தில் நம் சபையார் மட்டும் ஏன் இவ்வளவு பேச வேண்டும்?

அந்த மூத்த அம்மா சொன்னதும் புதிது இல்லை. பிறவிக் குருடனைப் பார்த்து, இது யார் செய்த பாவம் என்று சீஷர்களே கேட்டார்கள். இவன் செய்த பாவமும் அல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமும் அல்ல என்று இயேசு நேராகவே பதில் சொல்லிவிட்டார். அறிக்கை செய்ய வேண்டியது ஏதாவது இருந்தால் நாம் எல்லாருமே தினமும் செய்கிறோம், நீங்களும் செய்கிறீர்கள். அதற்கும் உங்கள் மணிக்கட்டு வீக்கத்துக்கும் முடிச்சுப் போட யாருக்கும் உரிமை இல்லை.

ஆனாலும் அந்த அம்மாவை வெறுத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. என் அம்மாவுக்கும் இதே வியாதிதான், இருபது வருஷத்துக்கு மேல். கல்லூரியில் படிக்கிற வயதில், ஜெபக்கூட்டத்தில் கேட்டுவிட்டு வந்த வேகத்தில், "நீங்க நெஜமாவே நம்பித்தான் ஜெபிக்கிறீங்களாம்மா?" என்று அவர்களிடம் கேட்டவள் நான். அம்மா அடுப்படியில் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் காப்பி டம்ளரை வைத்து, விரல் படாமல் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரை அப்படியே மெதுவாக மேடையில் இறக்கி வைத்தார்கள். அம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது, அந்த டம்ளர் மேடையில் பட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வியாதியைப் பார்க்கப் பயந்து, காரணம் ஒன்று கண்டுபிடித்துவிட்டால் நமக்கு வராது என்ற நினைப்பில்தான் ஜனங்கள் இப்படிப் பேசுகிறார்கள். நானும் அப்படித்தான் பேசினேன்.

கர்த்தர் ஏன் இன்னும் குணமாக்கவில்லை என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். எனக்குத் தெரியவில்லை தங்கச்சி. அவர் குணமாக்குகிறவர் என்று நான் முழுமனதோடு நம்புகிறேன், நீங்களும் கேட்பதை நிறுத்த வேண்டாம். பவுல் தன் மாம்சத்திலிருந்த முள்ளுக்காக மூன்று தரம் கேட்டார். முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில் வந்தது. அந்த வசனத்தை நாம் காலண்டரில் அச்சடித்துச் சுவரில் மாட்டியதால் அது 'இல்லை, தரமாட்டேன்' என்று வந்த பதில் என்பதே மறந்துபோய்விட்டது. கேட்ட மனிதருக்கு அன்றைக்கு அது எப்படி இருந்திருக்கும்? வலித்திருக்கும். உங்களுக்கும் வலிக்கட்டும், அழுங்கள். 88-ஆம் சங்கீதத்தை எடுத்து வாசியுங்கள், கடைசி வசனம் வரைக்கும் விடியாத சங்கீதம் அது, நண்பர்கள்கூட விலகிப்போனார்கள் என்று முடிகிறது. அப்படி ஒரு ஜெபத்தையும் கர்த்தர் தம் புத்தகத்தில் இருக்கவிட்டிருக்கிறார்.

நீங்கள் இருக்கிற மாவட்டத்திலேயே டோனாவூர் இருக்கிறது. அங்கே ஊழியம் செய்த மிஷனெரி எமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் ஒரு குழியில் தவறி விழுந்தார். அதற்கு முன் முப்பது வருஷம் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அம்மாவாக ஓடியாடி உழைத்தவர். விழுந்ததிலிருந்து 1951-ல் கண் மூடும் வரை, கிட்டத்தட்ட இருபது வருஷம், பெரும்பாலும் அந்த ஒரே அறைதான், தீராத வலிதான். அவருக்காக ஜெபிக்க ஆள் இல்லாமலா போயிருக்கும்? அந்த வளாகம் முழுக்க ஜெபித்திருக்கும். அவர் படுக்கையிலிருந்தே எழுதினார், தேடி வந்தவர்களோடு பேசினார். அவரைப் போல நீங்களும் எழுத வேண்டும், சாதிக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை, அந்தச் சுமை உங்களுக்கு வேண்டவே வேண்டாம். டோனாவூருக்கு ஒரு நாள் போய்வாருங்கள், பஸ் ஏற முடிகிற நாளில். இருபது வருஷம் சுகம் கிடைக்காத ஒரு பெண்ணை அவிசுவாசி என்று அந்த ஊரில் யாரும் சொன்னதில்லை.

இனி வீட்டு விஷயம். காலை ஐந்து மணி ஜெபத்துக்கு எழ முடியவில்லை என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் உங்களுக்கு அந்தக் குற்ற உணர்ச்சி நிச்சயம் இருக்கும், அம்மாவுக்கும் இருந்தது. இந்த வியாதிக்குக் காலைதான் மோசமான நேரம். ஜெபத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். காலையில் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு, போனில் ஒரு அதிகாரத்தை வாசிக்கவிட்டுக் கேட்டால் போதும். மகளுக்குத் தலை பின்னுவதை உங்கள் வீட்டுக்காரர் கற்றுக்கொள்ளட்டும், முதல் வாரம் கோணலாகத்தான் வரும், பரவாயில்லை.

அப்புறம் திருவிருந்து. இந்த ஒன்றை எனக்காகச் செய்யுங்கள். இந்த வாரமே உங்கள் சேகர ஐயரிடம், அதாவது சபைப் போதகரிடம், ஆள் அனுப்பியோ போனிலோ, எனக்கு முழங்கால் மடங்காது, நான் நின்றுகொண்டு வாங்குகிறேன், அதுவும் முடியாத நாளில் பெஞ்சுக்கே கொண்டுவந்து தருவீர்களா என்று கேளுங்கள். மாட்டேன் என்று சொல்கிற ஐயரை நான் பார்த்ததில்லை. என் அம்மாவுக்குக் கடைசி வருஷங்களில் உள்ளங்கையைக் குவித்து நீட்டக்கூட வராது. எங்கள் ஊர் ஐயர் குனிந்து, அப்பத்தை நேராக அம்மாவின் வாயில் வைப்பார், பிறகு பாத்திரத்தைத் தானே பிடித்துச் சாய்த்துக் கொடுப்பார். பக்கத்தில் மண்டியிட்டிருந்தவர்கள் எல்லாரும் அது முடியும் வரை எழுந்திருக்காமல் காத்திருப்பார்கள். பின் பெஞ்சில் நீங்கள் ஒளிந்துகொண்டால் உங்கள் சபைக்கு இப்படிக் காத்திருக்கக் கிடைக்காமலே போய்விடும்.

உதவி கேட்பதும் அப்படித்தான். கப்பர்நகூமில் நாலு பேர் நடக்க முடியாத ஒரு திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு சுமந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்களே, அங்கே இயேசு யாருடைய விசுவாசத்தைப் பார்த்தார்? "அவர்கள் விசுவாசத்தை" என்று இருக்கிறது. படுத்திருந்தவனின் விசுவாசம் எவ்வளவு என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. என் விசுவாசம் பத்தவில்லையா என்று கேட்டீர்களே, பத்தாத நாளில் தூக்கிக்கொண்டு போகத்தான் சபை. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் உங்களுக்குப் பிடித்தமான இரண்டு பேரிடம் குறிப்பாகக் கேளுங்கள். ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று பொதுவாகச் சொன்னால் சரி என்பார்கள், வீட்டுக்குப் போனதும் மறந்துவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிறீர்களா, மாத்திரை போட்ட மறுநாள் குமட்டலாக இருக்கும், மத்தியானத்துக்கு ஒரு ரசம் வைத்துத் தருகிறீர்களா என்று கேளுங்கள். அசனத்துக்கு வெங்காயம் உரிக்க வேண்டாம், யார் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு எழுதுகிற வேலையை வாங்கிக்கொள்ளுங்கள். கை வலித்தால் அதையும் மகளிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேர் சொன்னால் போதும்.

மாத்திரை புதன்கிழமை என்று எழுதியிருக்கிறீர்கள். என் ஜெப நோட்டில் புதன்கிழமைப் பக்கத்தில் "திருநெல்வேலித் தங்கச்சி, ராத்திரி மாத்திரை" என்று எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் தண்ணீர் டம்ளரைக் கையில் எடுக்கிற நேரத்தில் நானும் ஜெபித்துக்கொண்டிருப்பேன். அடுத்த ரத்தப் பரிசோதனை முடிந்ததும் ஈ.எஸ்.ஆர்., அதாவது உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டுகிற அளவு, எவ்வளவு வந்தது என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள், கை வலித்தால் மகளை எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா